கன்னி மூலைத் தண்ணீர்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அந்தப் புல்தரை என் நினைவில் எப்போதும் நனைந்தே கிடக்கிறது. சித்திரை வெயிலில் அது காய்ந்து வைக்கோல் நிறத்துக்குப் போனதையும் நான் பார்த்திருக்க வேண்டும். அதன் ஓரத்தில் உட்கார்ந்து எத்தனையோ மதியங்கள் படித்திருக்கிறேன். ஆனாலும் கண்ணை மூடினால் ஈரம்தான் வருகிறது. ஜஹனாரா சொன்னதாக நான் நினைக்கிற சில வார்த்தைகளை அவள் கணவர் சொல்லியிருக்கலாம். மழை நாட்களின் வரிசையும் குழம்பிவிட்டது. குழம்பாமல் நிற்பது ஒன்றுதான். இரண்டு பேர் ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல், புல்லின் குறுக்கே நடந்து போகிறார்கள்.

உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே ஒடிகிற ஒரு சந்தில் அந்தக் கட்டடம் இருந்தது. முன்பக்கம் ஜவுளிக்கடை. பின்பக்கம் கடைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த மூன்று மாடி. அதன் மொட்டை மாடியில்தான் அந்தத் தோட்டம். இடத்தை முழுக்க சிமெண்டால் மூடக்கூடாது, கொஞ்சமாவது பச்சை வேண்டும் என்று கட்டட அனுமதி கொடுத்தவர்கள் சொன்னார்களாம். தரையில் ஒரு சாண் விடவும் கடைக்காரருக்கு மனம் வரவில்லை. பச்சையை மேலே தூக்கி வைத்துவிட்டார். தளத்தின் மேல் தண்ணீர் இறங்காத கறுப்பு ஷீட்டு, அதன் மேல் முட்டை அட்டை போலக் குழிவிழுந்த பிளாஸ்டிக், பிறகு ஒரு துணி, அதற்கும் மேலே செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து ஒரு முழ உயரம். அதில் புல். ஓரங்களில் இட்லிப்பூ, நந்தியாவட்டை. ரங்கநாதன் தெருக் கூட்டத்தின் இரைச்சல் அங்கே வந்து சேரும்போது தூரத்து ரயில் போலக் கேட்கும்.

நான் அடுத்த தெருவில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் நிறுத்த வீட்டுக்காரர் விடவில்லை. அதனால் அந்தக் கட்டடத்தில் மாத வாடகைக்கு ஓர் இடம் பிடித்தேன். வண்டியை எடுக்க வந்தவனை ஒருநாள் குலாம் ரசூல்தான் மேலே அழைத்துக்கொண்டு போனார்.

"கைல எப்பவும் புக்கு வச்சிகினு சுத்தறீங்களே சார். மேல வந்து குந்தி படிங்க. காத்தாவது வரும்."

அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பாண்டி பஜாரில் கடைகடையாக வாசலில் நின்று வண்டிகளை ஒழுங்கு செய்தவர். விசில் இன்னும் கழுத்தில் தொங்கியது. இங்கே அவர் வண்டியையும் பார்க்க வேண்டும், தோட்டத்தையும் பார்க்க வேண்டும். செடிகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. புல்லைத் தையல் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தோட்டத்தைப் பார்ப்பதற்காகத்தான் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையை ஒட்டி ஓர் அறையும், சமைக்க ஒரு தடுப்பும், தகரக் கதவு போட்ட கழிவறையும் கொடுத்திருந்தார்கள். தி.நகரின் நடுவில் வாடகை இல்லாத வீடு. மனைவி ஜஹனாரா, கல்லூரியில் படிக்கும் மகள் ரூஹி, இவர். மூன்று பேரும் அந்த அறையில் இருந்தார்கள். வீட்டுக்குள் உருது பேசுவார்கள், என்னிடம் தமிழ். சண்டை என்றால் இரண்டும் வரும்.

"என் வேலைக்குப் பேரு இன்னானு யாராவது கேட்டா இன்னா சார் சொல்றது? வாட்ச்மேன்னா, தோட்டக்காரன்னா?"

தடுப்புக்குப் பின்னாலிருந்து ஜஹனாரா சொன்னாள்: "மாடு மேய்க்கறவர்னு சொல்லுங்க. புல்லு கீது. மாடுதான் இன்னும் வந்து சேரல."

"நீ கீறியே" என்றார் ரசூல் பாய்.

"நான் இருந்தா இந்தப் புல்லு இவ்ளோ நாள் மிஞ்சியிருக்குமா?"

கடைக்காரர் சிதம்பரநாதனை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கம். நாற்பது வருடம் தி.நகரில் இருந்தும் பேச்சு மாறாதவர். அவருக்குச் சர்க்கரை வியாதி, பாதம் மரத்துப் போயிருந்தது. காலையில் கடை திறப்பதற்கு முன் லிஃப்டில் மேலே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, புல்லின் மேல் மெதுவாக நடப்பார். அந்த நேரத்தில் ரசூல் பாய் பேசமாட்டார். நான் இருந்தால் நானும் பேசமாட்டேன். ஒருநாள் அண்ணாச்சி என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போலச் சொன்னார்:

"நாள் பூரா கால் இருக்கா இல்லியான்னே தெரிய மாட்டேங்கு. இந்தப் புல்லுல வச்சா மட்டும் ஏதோ இருக்க மாதிரி தோணுது."

அவருக்கு அந்தத் தோட்டத்தின் மேல் இருந்த பிரியம் உண்மையானது. அதற்கு அவர் செய்த கெடுதலும் உண்மையானதுதான்.

தளத்தை ஊற்றிய பொறியாளர் தண்ணீர் தென்மேற்கு மூலைக்கு ஓடும்படி சரிவு வைத்திருந்தார். அங்கே ஒரு பெரிய குழாய் வாய். மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கி, பிளாஸ்டிக் குழிகள் நிறைந்து, அடியில் கசிந்து அந்த வாய்க்கு வந்து, கீழே சந்துக்குப் போய்விடும். தோட்டம் போட்டு முடிந்த பிறகு மனையடி பார்க்கிறவர் ஒருவர் வந்தார். தென்மேற்கு கன்னி மூலை. அது மேடாக இருக்க வேண்டும். அங்கே தண்ணீர் வெளியேறினால் கடையின் செல்வமும் கூடவே வெளியேறும். தண்ணீர் போக வேண்டியது ஈசானிய மூலை வழியாக. வடகிழக்கு. இதைக் கேட்ட அண்ணாச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று ரசூல் பாய் சொன்னார். மூன்றாம் நாள் குழாய் வாயில் சாக்கை அடைத்து சிமெண்டு பூசச் சொன்னார். பூசியது ரசூல் பாய்தான். அதன் மேல் மண்ணைக் குவித்து மேடாக்கினார்கள். ஈசானிய மூலையில் புதிதாக ஒரு ஓட்டை போட்டார்கள்.

மேலே பார்த்தால் எல்லாம் மனையடி சொன்னபடி இருந்தது. அடியில் தளத்தின் சரிவு மட்டும் மாறவில்லை.

முதல் மழையிலேயே தண்ணீர் தன் பழைய வழிக்கு வந்தது. வாய் மூடியிருந்ததால் மேட்டின் அடிவாரத்தில் ஊறி மேலே எழும்பி, எருமை புரண்ட இடம் போல் சேறாகி நின்றது. ரசூல் பாய் அங்கே ஒரு குழி தோண்டினார். குழியில் தண்ணீர் தேங்கும். அதை மொண்டு வாளியில் ஊற்றி, தளத்தின் குறுக்கே தூக்கிக்கொண்டு போய், ஈசானிய மூலை ஓட்டையில் கொட்டுவார்கள். சின்ன மோட்டார் ஒன்று வைத்துப் பார்த்தார். நார்த்தூள் அடைத்து எரிந்து போனது. பிறகு வாளிதான். ஒவ்வொரு மழைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் கன்னி மூலையிலிருந்து ஈசானிய மூலைக்கு நடந்தார்கள். போகும்போது வாளி கனத்து உடம்பு ஒரு பக்கம் சாயும். வரும்போது மறுபக்கம் சாயும், பழக்கத்தால்.

ஏன் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். ஜஹனாரா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா இன்னா ஆவும் சார்? சின்னவரு காத்துகினு கீறாரு" என்றார் ரசூல் பாய்.

சின்னவர் என்பது அண்ணாச்சியின் மகன் ஹரி. வெளிநாட்டில் படித்துவிட்டுக் கடைக்கு வந்தவன். இந்த மண்ணை எல்லாம் வாரிக் கொட்டிவிட்டு, ஷெட் போட்டு, மேலேயும் கார் நிறுத்த வேண்டும் என்பது அவன் எண்ணம். தீபாவளிக் கூட்டத்தில் இடமில்லாமல் கார்கள் திரும்பிப் போவதைக் கண்ணால் பார்க்கிறவனுக்கு அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. அவன் ஒருமுறை மேலே வந்தபோது நானும் இருந்தேன். காலணியோடு புல்லில் நடந்தான். மேட்டின் பக்கம் போய்விடுவானோ என்று ஜஹனாரா வேகமாக நைட்டி, துப்பட்டா எல்லாம் அங்கே கொடியில் உதறிப் போட ஆரம்பித்தாள். அவன் கூச்சத்தோடு திரும்பி வந்துவிட்டான்.

"பாய், மூணாவது ஃப்ளோர் சீலிங்ல ஈரம் தெரியுது. லீக் ஆகுதா?"

"இல்ல தம்பி. ஏசி தண்ணியா இருக்கும்."

"பார்க்கிங்ல ஏது பாய் ஏசி?"

ரசூல் பாய் விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்பாவுக்காகத்தான் விட்டு வச்சிருக்கேன்" என்றான் ஹரி. "ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு கஸ்டமர் கார் மேல விழட்டும். அடுத்த வாரம் இது இருக்காது. உங்களுக்கு வேற ஏதாவது பாத்துக்கலாம்." அந்த 'வேற ஏதாவது' என்பதில் வீடு இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அவன் போன பிறகு ரூஹிதான் சொன்னாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அந்த சிமெண்ட்ட உடைச்சிட்டா முடிஞ்சிச்சு. மேல மண்ணு மூடிக்கும். யாருக்குத் தெரியப் போவுது?"

"உங்கப்பாவுக்குத் தெரியுமே" என்றாள் ஜஹனாரா. "அவரு உடைப்பாரா? அஞ்சு வேளை தொழற மனுஷன். கன்னி மூலைய மட்டும் அண்ணாச்சிக்கு மேல நம்புறாரு."

"நான் எங்கடி நம்புறேன்?"

"அன்னிக்கு நீங்கதான் சொன்னீங்க சார் கிட்ட. அடைச்ச வருஷந்தான் இந்த ரூம்பு கெடச்சுது, அடைச்ச வருஷந்தான் ரூஹிக்கு சீட்டு கெடச்சுதுன்னு. சொன்னாரா இல்லியா சார்?"

சொல்லியிருந்தார்.

"தோபா, தோபா. அது ஒரு பேச்சுக்கு சொன்னது" என்று ரசூல் பாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கீழே ஒரு கார் பின்னால் வரும்போது எழுப்புகிற சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. "ஒர்த்தர் அடைக்கச் சொன்னாரு, அடைச்சேன். அவரு சொல்லாம நான் எப்டி திறக்கறது?" என்றார். அதுதான் முழுக் காரணம் என்று அன்று நினைத்தேன்.

கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தது. முந்தின நாளே வானம் ஈயத் தகடு போல் இறங்கியிருந்தது. காலையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டர் கீழ்த்தளத்தில் நின்றதால் அதைக் காப்பாற்ற ஓடினேன். மாம்பலம் கால்வாய் நிரம்பி, சந்துக்குள் தண்ணீர் எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை இரண்டாம் மாடிக்குத் தள்ளி ஏற்றி முடித்தபோது திரும்பிப் போக வழியில்லை.

மேலே போனேன். ரசூல் பாய் லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மொண்டுகொண்டிருந்தார். ஜஹனாரா தூக்கிப் போனாள். எனக்கும் ஒரு வாளி கொடுத்தார்கள். மழைக்கு எதிரே கண்ணைத் திறக்க முடியவில்லை. நாங்கள் ஒரு வாளி கொட்டுவதற்குள் குழி மறுபடி நிறைந்தது. பிறகு குழி தெரியவே இல்லை. கன்னி மூலையின் மேடு கரைந்து, அந்தப் பக்கம் முழுவதும் ஒரே தண்ணீராகி, இட்லிப்பூச் செடிகளின் தலை மட்டும் வெளியே நின்றது. என் கைகள் அப்போது வலித்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. ஈசானிய மூலைக்குப் போய்த் திரும்பும்போது ஒவ்வொரு முறையும், இதில் எந்த அர்த்தமும் இல்லை என்று தோன்றியது மட்டும் நினைவிருக்கிறது. அதைச் சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் இருவரும் அதை எப்போதோ தெரிந்துகொண்டவர்கள்.

மதியத்துக்கு முன்னால் சந்தில் தாழ்வான வீடுகளிலிருந்து ஆட்கள் கட்டடத்துக்குள் வந்தார்கள். கைக்குழந்தை, கேஸ் சிலிண்டர், தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு கிளிக்கூண்டு. மூன்றாம் மாடியில்தான் காரில்லாத இடம் இருந்தது. ரூஹி அவர்களுக்கு அட்டைப் பெட்டிகளை விரித்துக் கொடுத்தாள். ஜஹனாரா வாளியை வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். மஞ்சள் போட்ட பருப்புக் கிச்சடி. அதற்குத் தொட்டுக்கொள்ள, புளியில் எள்ளையும் வேர்க்கடலையையும் அரைத்துக் கலந்த கட்டா. பெரிய அலுமினிய தேக்சாவை ரூஹியும் நானும் பிடித்துக்கொண்டு இறங்கினோம். காகிதத் தட்டில் வாங்கிக்கொண்டு, சுப்பம்மா என்ற பூக்காரப் பெண், "பாய் வீட்டு சாப்பாடு பிரியாணி இல்லாம இப்டி பத்தியமா கீதே" என்றாள்.

"புயல் ரம்ஜான் அன்னிக்கு வரட்டும், பிரியாணி போடறோம்" என்றாள் ரூஹி. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் கூரையிலிருந்து பூச்சு பெயர்ந்து விழுந்தது.

தென்மேற்கு மூலைக்கு நேர் கீழே. கிளிக்கூண்டு வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில். ஒரு முறம் அளவு சிமெண்டுப் பூச்சு. துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அதன் வழியாகத் தண்ணீர் சொட்டாக இல்லை, சரமாக இறங்கியது. குழந்தைகளை மறுபக்கம் இழுத்தார்கள். கிளி விடாமல் கத்தியது. ரசூல் பாய் ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு களைப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கீழ்த்தளத்தில் ஒரு கார் மிதந்து தூணில் மோதுகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் மேலேயும் கீழேயும் பார்த்தார். பிறகு கீழே போனார்.

நான் மாடிக்கு ஏறியபோது ஜஹனாரா அறைக்குள்ளிருந்து கடப்பாரையை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருந்தாள்.

"அவரைக் கேட்டுட்டு..." என்றேன்.

"கேட்டா வேணாம்பாரு சார். கீழ புள்ளைங்க கீதுங்க. இது விழுந்தா நம்ம வூடு மட்டும் இன்னாத்துக்கு?"

தொடையளவு தண்ணீரில் இறங்கினாள். சேறு வழுக்கியது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். குழாய் வாய் எங்கே என்று அவளுக்கும் கணிப்புதான். முதல் குத்து மண்ணில் போனது. இரண்டு மூன்று குத்துகள் தளத்தில் பட்டு அவள் கையை உதறின. பிறகு எங்கோ அடியில் வெற்றிடம் இருப்பது போல ஒரு சத்தம் கேட்டது. அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினாள். முட்டி வலிக்கும்போதெல்லாம் உருதுவில் யாரையோ திட்டினாள். புருஷனையா, மனையடி பார்த்தவரையா, தெரியாது. சிமெண்டு விட்டது. சாக்கு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், சட்டென்று மறைந்தது. தண்ணீர் சுழன்றது. காலடியில் அந்த இழுப்பை உணர்ந்தேன். குழாய்க்குள் தண்ணீர் விழும் ஓசை, பெரிய மிருகம் ஒன்று வெகுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டது போல இருந்தது. ஜஹனாரா கடப்பாரையைப் பிடித்துக்கொண்டே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று மழையில் எப்படித் தெரியும்?

தண்ணீர் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. மூன்றாம் மாடியில் சரம் சொட்டாகியது.

அப்போதுதான் ரசூல் பாய் மேலே வந்தார். ஓடி வந்தவர் படி முடிகிற இடத்தில் நின்றுவிட்டார்.

"திறந்துட்டியா?"

"திறந்துட்டேன்."

"ஜஹனாரா," என்றார். அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அந்த பைப்பு கீழ வரைக்கும் இல்லடி."

குழாய் வாயை அடைத்த பிறகு, இனி அது எதற்கு என்று கீழ்த்தளத்தின் அந்த மூலையில் சுவர் எழுப்பி, கடைக்கு ஒரு கோடவுன் கட்டியிருந்தார்கள். சுவர் எழும்பியதை நானே பார்த்திருக்கிறேன், யோசிக்காமல். அலமாரி போட இடைஞ்சல் என்று குழாயை மேலே ஓர் ஆள் உயரத்தில் அறுத்துவிட்டார்கள். வெள்ளம் ஏறாமலிருக்க கோடவுன் வாசலில் இடுப்பளவு தடுப்பு கட்டி, பொங்கலுக்கு வந்த புடவைக் கட்டுகளை உயரமாக அடுக்கியிருந்தார்கள். சந்துத் தண்ணீர் எட்டாத அந்தக் கட்டுகளின் தலையில் மொட்டை மாடியின் செம்மண்ணும் நார்த்தூளும் சாக்கும் வந்து கொட்டின.

"தெரிஞ்சிகினே ஏன் சொல்லல?" என்றாள் அவள். குரல் எழும்பவே இல்லை.

"ஒரு கவலைக்கு ஒரு ஆளு போதும்னு இருந்துட்டேன்" என்றார் அவர். அவள் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தார். வெகுநேரம் மூவரும் மழையில் இருந்தோம். மொள்ளுவதற்கு ஒன்றும் இல்லை.

தெருவில் தண்ணீர் வடிந்த அன்று அண்ணாச்சி வந்தார். ஹரியும் வந்தான். கோடவுனைத் திறந்து பார்த்துவிட்டு ஹரி போனில் யாரிடமோ கத்திக்கொண்டு முன்பக்கம் போனான். அண்ணாச்சி மட்டும் படியேறி மேலே வந்தார், லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார் என்று ரூஹி சொன்னாள். மேலே வந்ததும் வழக்கம்போல செருப்பைக் கழற்றினார். புல் இருந்த இடத்தில் சேறு காய்ந்து ஆடை கட்டியிருந்தது. அதில் நடந்து கன்னி மூலைக்குப் போய், திறந்து கிடந்த குழாய் வாயைக் குனிந்து பார்த்தார்.

"யாரு தொறந்தது?"

"நான்தான் அண்ணாச்சி" என்றார் ரசூல் பாய்.

"நான்" என்றாள் ஜஹனாரா. "அவரு கீழ வண்டி பாத்துகினு இருந்தாரு."

"நான் சொல்லி அடைச்சீங்க. யாரு சொல்லித் தொறந்தீங்க?"

"யாரும் சொல்லல. கூரை விழுந்திருந்தா, யாரு சொல்லி விழுந்தன்னு அத்த கேப்பீங்களா அண்ணாச்சி?"

ரசூல் பாய் அவள் கையைப் பிடித்தார். அண்ணாச்சி அவளைப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் மெதுவாக ஊர்ந்து போகும் சத்தம் முடியும் வரை அப்படியே இருந்தார்.

"எத்தனை நாளா தண்ணி சுமக்குதீக?"

ரசூல் பாய் ஈசானிய மூலையைப் பார்த்தார்.

"ஹரி சொன்னான், மேல ஏதோ நடக்குன்னு. நான்தான் கேக்கல. கேட்டா பதில் சொல்லிருவீங்களோன்னு இருந்துச்சு." தன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். சேற்றிலிருந்த சிமெண்டுச் சில்லு குத்தி ரத்தம் வந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை. ஜஹனாரா உள்ளே போய்த் தண்ணீரும் துணியும் கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து துடைத்தாள். அவர் கூசிக் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை. தேநீர் கொடுத்தார்கள். சர்க்கரை போடாமல் கொடுக்க அவளுக்குத் தெரிந்திருந்தது.

எழுந்து போகும்போது, படிக்கட்டில் திரும்பி நின்று சொன்னார்: "வெயில் வந்துட்டு. மூலைய அடைச்சிரும் பாய்."

"சரி அண்ணாச்சி" என்றார் ரசூல் பாய். அந்தச் சரி பல வருடங்களாக வாயிலேயே தயாராக இருந்தது. ஜஹனாரா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, தேநீர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் நான் போனபோது அவர் குழாய் வாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஒரு பக்கம் புதுச் சாக்கு மடித்து வைத்திருந்தது. இரும்புச் சட்டியில் சிமெண்டு குழைத்து, கரண்டியை அதில் நட்டு வைத்திருந்தார். நான் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு பக்கமும் நகரவில்லை. வெயில் நல்ல வெயில். காகங்கள் சேற்றைக் கிளறி எதையோ தின்றன. அவர் குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியத் தொழுகைக்கு பாங்கு கேட்டது. எழுந்து கை கால் கழுவி, காய்ந்த ஓரத்தில் பாயை விரித்துத் தொழுதுவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து குந்தினார். ஜஹனாரா சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. தட்டை அவரிடம் கொண்டு வந்து வைத்தாள். சட்டியை எட்டிப் பார்த்தாள். உள்ளே போனாள்.

வெயில் சாய்ந்தபோது அவர் கரண்டியை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. சிமெண்டு சட்டியிலேயே இறுகிவிட்டது.

"காஞ்சிடுச்சு சார்" என்றார் என்னிடம்.

"நாளைக்கு வேற குழைக்கலாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"இல்ல" என்றார். புதுச் சாக்கை எடுத்து உதறி, கைப்பிடிச் சுவரில் வெயிலுக்கு விரித்தார்.

அண்ணாச்சி அடுத்த வாரம் மேலே வந்தபோது மூலை திறந்தே கிடந்தது. அவர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. புல் வராத சேற்றில் கொஞ்சம் நடந்துவிட்டு, செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

தை பிறப்பதற்குள் மண்ணை எல்லாம் மூட்டை கட்டி இறக்கிவிட்டார்கள். இப்போது அங்கே தகரக் கூரை போட்ட ஷெட்டில் கார்கள் நிற்கின்றன. ஹரிதான் கடையைப் பார்க்கிறான். கன்னி மூலைக் குழாயைக் கோடவுனைச் சுற்றித் திருப்பி சந்து வரைக்கும் இறக்கியிருக்கிறான். மண் இல்லாத தளத்துக்கு அந்தத் தோஷம் கிடையாது என்று மனையடி பார்க்கிறவர் சொல்லிவிட்டாராம். அண்ணாச்சிக்கு அதற்கடுத்த வருடம் ஒரு காலில் விரல்களை எடுத்தார்கள். வீட்டில்தான் இருக்கிறார். சுப்பம்மா அதே சந்தில் பூ விற்கிறாள். ரூஹி தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், கல்யாணப் பேச்சு நடக்கிறது. ரசூல் பாய் அபிராமபுரத்தில் ஓர் அடுக்ககத்தில் வாட்ச்மேன். அங்கே தோட்டம் கிடையாது. மேற்கு சைதாப்பேட்டையில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஜஹனாராவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. நான் எப்போதாவது போனால் டீ போட்டுத் தருவாள். அந்த வீட்டின் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளும். அது அடிக்காமலிருக்க, சிமெண்டு இறுகிய அந்த இரும்புச் சட்டியை, கரண்டி நட்டபடியே, கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.